அச்சம் நான்கும் மர்ம நாவலும்

அஞ்சத்தக்கதைக் கண்டால் விலகி ஓடுவதும், அஞ்சுவதற்கென்றே விலை கொடுத்து நூல் வாங்குவதும் மக்களிடத்தே ஒருங்கு காணப்படும் இரண்டு இயல்புகளாம். பகலில் பேயில்லை என்று வாதிடும் ஒருவரே இரவில் பேய்க்கதை படித்துவிட்டு, விளக்கை அணைக்க மனமின்றி அதனருகே உறங்குதலை நாம் கண்டிருக்கின்றோம். இதன் காரணம் யாது? மர்ம நாவல், துப்பறியும் நாவல், பேய் நாவல் என்று பலவாறு வழங்கும் நூல்களைத் தமிழ் பயிலும் மாணவர் எவ்வாறு மதித்தல் வேண்டும்? இவற்றை முற்றும் தள்ளிவிடுதல் தகுமா? தகாதெனின், நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் அளவுகோல் யாது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாம்.

இவை எனக்கு வகுப்பறையில் தோன்றிய வினாக்கள் அல்ல. சென்ற கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில், முதியோர் மூவர் நிகழ்த்திய வாதத்தினின்று தோன்றியவை. ஆதலின் அவ்வாதத்தினின்றே தொடங்குகின்றேன்.

இரண்டு ஊர், மூன்று வாசகர்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். முன்னது, 1936-ஆம் ஆண்டில் தோன்றிய இராஜபாளையம் மில் முதலாகிய நூற்பாலைகளால் பெயர் பெற்றது. பின்னது ஆண்டாள் பிறந்த ஊர்; வானளாவிய கோபுரத்தாலும், நாவினிக்கும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. நூல் விரும்புவோர்க்கு அவ்வூரில் மற்றொரு செல்வமும் உண்டு. அதுதான் பென்னிங்டன் நூல்நிலையம். திருநெல்வேலியில் கலெக்டராயிருந்த பென்னிங்டன் என்பாரின் பெயரால் 1875-ஆம் ஆண்டில் தோன்றியது அது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879-ஆம் ஆண்டில் அன்றோ? ஆகவே அந்நூல்நிலையம் தமிழின் முதல் நாவலினும் நான்கு ஆண்டு மூத்ததாகும்.

என் தாய்வழித் தாத்தா இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். இரவு வேலைக்குச் செல்லும் நாளில் பேருந்தில் படிப்பதற்கென வாங்கத் தொடங்கிய துப்பறியும் நாவல்கள் அவர் வாழ்நாள் வழக்கமாயின. அவர் நண்பர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தாத்தா அவரை “வாத்தியாரையா” என்பார். அவர் தாத்தாவை “அண்ணாச்சி” என்பார். மாதம் ஒருமுறை இருவருள் ஒருவர் மற்றவர் ஊருக்கு வருவர். துணிப்பையில் நூல்கள் கைமாறும்.

நூலோடு ஒரு சீட்டும் கைமாறும். படித்தவர் தம் கருத்தை அச்சீட்டில் ஓரிரு வரியில் எழுதி நூலினுள் வைத்தல் அவர்தம் வழக்கம். “பாதியிலேயே கள்வனைக் கண்டுகொண்டேன், ஆயினும் இறுதிவரை படித்தேன்” என்பது தாத்தாவின் சீட்டு ஒன்று. “இதில் பேய் உண்டு, அச்சம் இல்லை” என்பது ஆசிரியரின் சீட்டு ஒன்று. தாத்தா துப்பறியும் கதைக்கு உரியவர். ஆசிரியர் பேய்க்கதைக்கு உரியவர். ஒருவர் விரும்புவதை மற்றவர் ஏளனஞ் செய்வர். எனினும் வாங்கிப் படியாமல் விடார்.

மூன்றாமவர் என் பாட்டி. அவரிடம் இருந்தது ஒரே நூல். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இங்ஙனம் அச்சக்கதை பற்றி நண்பர் கூடிப் பேசுதல் வீண்பொழுது என்று நினைப்பாரும் உளர். 1816-ஆம் ஆண்டின் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரனும் ஷெல்லியும் அவர்தம் நண்பரும் மழைக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்டுப் பேய்க்கதைகளைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தனர். நாம் ஒவ்வொருவரும் ஒரு கதை எழுதுவோம் என்று முடிவு செய்தனர். அக்கூட்டத்தில் இருந்த 18 வயது மங்கை மேரி தொடங்கிய கதையே 1818-இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’. அதனைப் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரால் தமிழிற் தந்தவர் நம் புதுமைப்பித்தன். ஏரிக்கரைப் பேச்சொன்று எத்துணைத் தூரம் வந்தது, காண்மின்!

தொல்காப்பியர் கண்ட அச்சம்

தாத்தாவும் ஆசிரியரும் செய்யும் வழக்கு முடிவின்றி நீளக் கண்டு, ஒருநாள் யான் தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை எடுத்துவந்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. இவ்வொவ்வொன்றும் எவ்வெவற்றினின்று பிறக்கும் என்றும் ஆசிரியர் வகுத்துரைக்கின்றார். அச்சத்திற்கு அவர் கூறும் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை.

அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போல்வன. விலங்கு என்பது புலி முதலிய கொடிய உயிர்கள். கள்வர் என்பார் பிறர் பொருளையும் உயிரையும் கவர்வார். இறை என்பது அரசன். இக்காலத்திற்கேற்ப நம்மை ஆளும் தலைமை எதுவும் என விரித்துக் கொள்ளலாம்.

இதனைக் கேட்ட அளவில் ஆசிரியர், “அணங்கு முதலில் நிற்றலைக் காண்மின், அண்ணாச்சி! பேய்க்கதையே தலைமை உடையது” என்றார். தாத்தா விடுவாரா? “முதலில் பேய் என்று அஞ்சுவோம், பின்னர் விலங்கோ என்று ஐயுறுவோம், விளக்கேற்றிப் பார்த்தால் கள்வன் நிற்பான். அம்முறையிலேதான் அவர் வைத்திருக்கின்றார், வாத்தியாரையா” என்றார். உரையாசிரியர் எவரும் கூறாத உரை அது. ஆயினும் எள்ளத்தக்கதன்று என்பது மேலே விளங்கும்.

அணங்கு

தமிழிலக்கியத்திற்குப் பேய் புதிதன்று. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டு திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடும் பேய்கள் போர்க்களத்திற் கூழ் சமைத்து உண்கின்றன. அங்கே நாம் அஞ்சுவதினும் நகுவதே மிகுதி. நீலகேசியிலோ பேயாகிய நீலி சமண முனிவரால் மனம் திருந்தி, பிற சமயத்தாரோடு தருக்கம் செய்யப் புறப்படுகின்றாள். வாதம் புரியும் பேயைப் படைத்த பெருமை நம் மொழிக்கு உண்டு.

ஆயினும் இன்றைய பேய் நாவலின் தாய் என்று கூறத்தக்கது பழையனூர் நீலி கதையே. கணவனாற் கொலையுண்ட பெண் பேயாகி, அவன் மறுபிறப்பிலும் அவனைத் தொடர்கின்றாள். மனைவி போல் வடிவு கொண்டு பழையனூர் வேளாளர் அவையில் முறையிடுகின்றாள். அவையத்தார் அவளை நம்பி, வணிகனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாகக் கூறி, அவனை அவளோடு இருத்துகின்றனர். வணிகன் இறக்கின்றான், வேளாளர் எழுபதின்மரும் சொல் தவறாது தீப்பாய்கின்றனர். இக்கதையைக் கேட்போர் பேய்க்கு அஞ்சுவர். எழுபதின்மர் வாய்மையை வியப்பர். ஆனால் பேயை ஆக்கியது ஒரு கொலை என்பதனை மறந்துவிடுவர். அணங்கின் பின்னே கள்வன் ஒருவன் மறைந்து நிற்கின்றான்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-இல் வெளிவந்த தொகுதிக்குத் தலைப்பாயமைந்த கதை. ஒரு வீட்டிற்குப் பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்கு வருகின்றாள். அவள் பெண்ணா, பேயா? கதை முடிந்த பின்னும் விடை இல்லை. “விடை கூறியிருந்தால் அன்றே மறந்திருப்பேன், கூறாமையால் நாற்பதாண்டாக அக்கதை என்னோடு இருக்கின்றது” என்பது ஆசிரியர் கருத்து. “விடை கூறாதவன் விலையைத் திருப்பித் தரல் வேண்டும்” என்பது தாத்தாவின் மறுப்பு.

இவ்விருவரும் ஓரளவு ஒத்துப்போன இடம் ஒன்றுண்டு. அது சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய ‘கொலையுதிர் காலம்’. கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞரும் துப்பறியும் அந்நாவலில், நிகழ்வன பேயின் செயலா, விஞ்ஞானத்தின் செயலா என்பதே வழக்காய் நடக்கின்றது. தாத்தா விஞ்ஞானத்தின் பக்கம். ஆசிரியர் எஞ்சிய ஐயத்தின் பக்கம். ஒரே நூலை இருவரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டினர்.

மதுரையில் வாழ்ந்து 2024-ஆம் ஆண்டு மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளும் ஈண்டு நினைக்கத்தக்கன. சிற்றூர்க் காவல் தெய்வம், பாழடைந்த வீடு, பழைய ஓலை இவற்றை வைத்து அவர் எழுதியவை, ‘மர்மதேசம்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் வாயிலாக 1990-களில் தமிழகமெங்கும் பரவின. எங்கள் தெருவில் அத்தொடர் நடந்த இரவுகளில் சிறுவர் எவரும் தனியே கொல்லைப்புறம் சென்றதில்லை என்று என் அன்னையார் கூறுவர்.

விலங்கு

நான்கனுள் தமிழ் நாவலாசிரியர் குறைவாகத் தொட்டது இதுவே. எங்கள் ஊர்களுக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. விலங்கினின்று நம்மைக் காத்த காலம் போய், நம்மினின்று விலங்கைக் காக்கும் காலம் வந்துவிட்டது. அச்சத்தின் நிலைக்களன் இரக்கத்தின் நிலைக்களனாக மாறுதற்கு இது சான்றாகும்.

எனினும் கானன் டாயில் 1902-இல் நூலாக வெளியிட்ட பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதையை யான் இராஜபாளையத்திலிருந்து படித்தேன். நாய்க்குப் பெயர் பெற்ற ஊரன்றோ எங்கள் ஊர்! அக்கதையில் நெருப்புமிழும் நாய் ஒன்று ஒரு குடியைத் தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் பேய் என்று நம்பப்படுகின்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் ஆராயுங்கால், அது ஒளிரும் மருந்து பூசப்பட்ட உண்மையான நாய் என்றும், அதனை ஏவியவன் சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினன் என்றும் வெளிப்படுகின்றது. முதலில் அணங்கு, பின்னர் விலங்கு, முடிவிற் கள்வன்! தாத்தா கூறிய உரை ஈண்டுப் பொருந்துதலைக் கண்டு ஆசிரியரும் தலையசைத்தார்.

கள்வர்

துப்பறிதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்பர். வடிவைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. எட்கர் ஆலன் போ 1841-இலும், கானன் டாயில் 1887-இலும் தத்தம் துப்பறிவாளரை உலகிற்கு அறிமுகஞ் செய்தனர். ஆயினும் துப்பு ஆராயும் அறிவு அதனினும் மிகப் பழைமையானது. தானியேல் பெயரால் வழங்கும் பழங்கதை ஒன்றில், பேல் என்னும் தெய்வச் சிலை படையலை இரவில் உண்ணுகின்றது என்று பூசாரிகள் கூற, தானியேல் கோயில் தரையிற் சாம்பலைத் தூவி வைக்கின்றார். விடிந்தபின் சாம்பலில் பூசாரிகள், அவர்தம் பெண்டிர், பிள்ளைகள் ஆகியோரின் அடிச்சுவடு காணப்படுகின்றது. 1928-இல் டோரதி சேயர்ஸ் தொகுத்த துப்பறியும் கதைக்கோவையில் இக்கதையும் இடம் பெற்றது.

நம் சிலப்பதிகாரமோ அதனினும் நுட்பமானது. தேவியின் சிலம்பில் முத்துப்பரல். கண்ணகி சிலம்பில் மாணிக்கப்பரல். அரசன் முன்னே சிலம்பை உடைத்து அவ்வேறுபாட்டைக் காட்டிக் குற்றத்தை மெய்ப்பிக்கின்றாள் கண்ணகி. உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லனோ, அரசனுக்கு அருகில் நின்றவன். கள்வனென்று கொல்லப்பட்டவன் ஊருக்குப் புதியவன்.

உரைநடையில் பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட ‘தானவன்’ முன்னோடி. அடுத்து வந்த ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தன் என்னும் பாத்திரத்தை நாடறியச் செய்தார். அவருடைய ‘ராஜாம்பாள்’ 1935-இலும் 1951-இலும் திரைப்படமாயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார், 1915-இல் தோன்றிய ‘ஆனந்தபோதினி’ வாயிலாக ரெயினால்ட்ஸ் முதலியோரின் ஆங்கிலக் கதைகளைத் தமிழ் உடை உடுத்தி நடமாடவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார், காவியுடையில் உலவிய துப்பறிவாளர். 1950-இல் அப்பெயராலேயே திரைக்கும் வந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், அவற்றுள் துப்பறியும் கதைகளும் உள. பெண்கள் கூடி ஒருத்தி படிக்கப் பிறர் கேட்ட காலம் அது.

பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி எனத் துப்பறிவாளர் வரிசை நீண்டது. ராஜேஷ்குமார் ஒருவரே 1,500-க்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். பேருந்து நிலையக் கடைகளிற் கயிற்றில் தொங்கிய அம்மாத நாவல்களே தாத்தாவைப் போன்ற உழைப்பாளர் பலருக்கு நூல்நிலையமாயின. அவற்றிற் சில, 2008-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதி ஒன்றினால் பிற நாட்டாரையும் எட்டின.

இவற்றைத் தமிழிலக்கிய வரலாற்றில் ஓரடியிற் கூறிக் கடந்துவிடுதல் வழக்கமாய் இருக்கின்றது. தழுவல் மிகுதி, நடையிற் கவனக்குறைவு, பெண்ணை வருணிப்பதில் வரம்பின்மை என்னும் குற்றங்கள் இவற்றுள் உண்டு என்பதனை யானும் மறுக்கவில்லை. ஆயின் எழுத்துக்கூட்டிப் படித்தவரை இடைவிடாது படிப்பவராக்கிய நன்றியை மறத்தல் முறையன்று.

இறை

அரசனச்சத்தைப் பொருளாகக் கொண்ட மர்ம நாவல் தமிழில் அரிது. பாண்டியன் அவையில் ஆராயாது அளித்த தீர்ப்பே நம் இலக்கியத்தில் இவ்வச்சத்திற்குப் பெருஞ்சான்று. இக்காலத்தில் மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலைக் கூறலாம். பிழைப்புத் தேடி ஆந்திர நாடு சென்ற தமிழ்த் தொழிலாளர், செய்யாத குற்றத்திற்குச் சிறைப்பட்டு அடியுண்ட வரலாறு அது. ஆசிரியர் தாமே பட்டது. 2015-இல் ‘விசாரணை’ என்னும் திரைப்படத்திற்கு அடிப்படையாயிற்று. அதனைப் படித்த தாத்தா எழுதிய சீட்டு இது: “இதில் துப்பறிவோரே கள்வர். இனி யாரை அழைப்பது?”

கடைசித் தாள் இல்லாத நாவல்

இனி எங்கள் திண்ணைக்கு மீள்வோம். தாத்தா வாடகை நூல்நிலையம் ஒன்று மூடப்பட்டபோது வாங்கிய பழைய நாவல்களுள் ஒன்றிற்குக் கடைசித் தாள் இல்லை. அந்நாவலின் பெயர் ஈண்டு வேண்டா. செல்வமுடைய கைம்பெண் ஒருத்தி பூட்டிய அறையில் இறந்து கிடக்கின்றாள். ஐயத்திற்கு உரியோர் மூவர்: புதிதாய் வந்த வேலைக்காரன், வாயிலில் அமரும் பரதேசி, சொத்தைப் பார்த்துவரும் உடன்பிறந்த அண்ணன். போதாக்குறைக்கு, அவ்வீட்டில் இறந்துபோன மூத்தாள் ஒருத்தியின் ஆவி உலவுவதாகப் பேச்சு. துப்பறிவாளர் அனைவரையும் கூடத்திற்கு அழைத்து, “கொலை செய்தவர்” என்று வாய் திறக்கின்றார். அவ்வளவே. அடுத்த தாள் இல்லை.

வாடகை நூல்களில் முன்னர்ப் படித்த எவரேனும் கொலையாளியின் பெயரை முதற்பக்கத்திலேயே எழுதிவைத்து நம் இன்பத்தைக் கெடுப்பதுண்டு. இந்நூலில் அத்தீமையும் வாய்க்கவில்லை!

தாத்தா, வேலைக்காரனே என்றார். “புதிதாய் வந்தவன், ஊர் பேர் தெரியாதவன்” என்பது அவர் காட்டிய காரணம். ஆசிரியர், மூத்தாளின் ஆவியே என்றார். பூட்டிய அறைக்குள் மனிதன் புகான் என்பது அவர் காரணம். இரண்டு மாதம் இவ்வழக்கு சீட்டுகளிலும் நேரிலும் நடந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருநாள் தலை நிமிர்ந்து, “சாவி யாரிடம் இருந்தது?” என்று கேட்டார். நூலைப் புரட்டிப் பார்த்தோம். சாவி அண்ணனிடம் இருந்தது. “பிறகென்ன?” என்று கூறிவிட்டு அவர் முறத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார்.

கடைசித் தாள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆதலின் எவர் கூற்று சரி என்று அறியோம். ஆயினும் யான் அன்று ஒன்று கற்றேன். கொலையாளியை நூலாசிரியர் கூறாவிடத்து, நாம் யாரை ஐயுறுகின்றோம் என்பது நூலைக் காட்டாது, நம்மையே காட்டும். தாத்தாவும் ஒருகாலத்தில் ஊர் பேர் தெரியாத புதியவராய் ஆலை வாயிலில் நின்றவர்தாம். கோவலனும் மதுரைக்குப் புதியவன்தான். எனினும் புதியவனை ஐயுறுமாறு நூறு நாவல்கள் அவரைப் பழக்கியிருந்தன.

பாட்டியின் தடை

பாட்டியிடம் இருந்த ஒரே நூல் ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’. தாளெல்லாம் பழுத்து, அட்டை துணியால் ஒட்டப்பட்டது. நல்லதங்காளின் தாய்வீடு இருந்த அர்ச்சுனாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பை அடுத்துளது. அவளுக்குக் கோயிலும் ஆங்குண்டு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் வந்தபோது ஏழு மக்களோடு அண்ணன் வீடு தேடி வருகின்றாள். அண்ணன் வேட்டைக்குச் சென்றிருக்க, அண்ணி மூளி அலங்காரி கதவைத் தாழிடுகின்றாள். பட்ட அவமானம் தாளாது நல்லதங்காள் மக்கள் எழுவரையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்கின்றாள்.

இந்நூலைப் படித்துப் பாட்டி அழுவதைத் தாத்தா நாற்பதாண்டாக நகைத்துவந்தார். அன்று யான் தொல்காப்பிய அச்சம் நான்கையும் விளக்கி, “பாட்டி, உங்கள் கதை இவற்றுள் எதிலும் அடங்காது, அது அழுகைச் சுவை” என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஏழு வயது. மழை பொய்த்த வருஷம். அம்மா எங்கள் நால்வரையும் அழைத்துக்கொண்டு மாமா வீட்டிற்கு நடந்தாள். கதவு சாத்தியிருந்தது. கூரை மேல் புகை வந்துகொண்டிருந்தது. சோறு வேகும் வாசம் தெருவுக்கே வந்தது. தட்டினோம்; திறக்கவில்லை. ஊர்க் கிணற்றில் நீர் இறைத்து எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தாள். குடித்தபின்னும் அவள் கிணற்றை விட்டு நகரவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு நல்லதங்காள் கதை தெரியும். அன்று நான் அஞ்சியது பேய்க்கும் அன்று, கள்வனுக்கும் அன்று. என் அம்மாவுக்கு அஞ்சினேன். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னே போய் நின்றேன். கொஞ்ச நேரங்கழித்து, ‘வாங்க, வீட்டுக்குப் போவோம்’ என்றாள். போனோம். அவ்வளவுதான்.”

இதனை அவர் அதற்குமுன் எவரிடமும் கூறியதில்லை, தாத்தாவிடமும் கூறியதில்லை. திண்ணையில் எவரும் பேசவில்லை. அன்று மாலை தாத்தா அப்பெரிய எழுத்து நூலை வாங்கிக்கொண்டு அறைக்குள் சென்றார். அடுத்த மாதம் அதுவும் துணிப்பையில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றது. உள்ளே இருந்த சீட்டில் எழுதப்பட்டிருந்தது இது: “கதவைச் சாத்தியவர் யாரென்று முதலிலேயே தெரிந்தும் அஞ்சினேன்.”

முடிவுரை

பாட்டி கூறிய அச்சம் நான்கனுள் அடங்குமா? அடங்கும் என்று வாதிடலாம். உணவிருந்தும் மறைத்தலின் மூளி அலங்காரி கள்வருள் வைக்கத்தக்கவள். வீட்டின் ஆட்சி அவள் கையிலிருந்தமையின் இறையுள்ளும் வைக்கத்தக்கவள். ஆயின், ஏழு வயதுக் குழந்தை தன்னைப் பெற்றவளுக்கு அஞ்சிப் பின்வாங்கியதை எங்கே வைப்பது? அவ்வன்னை அணங்கும் அல்லள், கள்வரும் அல்லள். யான் இதற்கு விடை கண்டிலேன். ஆசிரியரோ, “இலக்கணத்திற்கு அடங்காதது என்று விட்டுவிடாதே, உரையாசிரியர் காணாத இடத்தை உன் பாட்டி கண்டிருக்கின்றார் என்று எழுது” என்று பணித்தார். அங்ஙனமே எழுதினேன்.

இனி, யான் முற்கூறிய அளவுகோல் யாதெனிற் கூறுவேன். ஒரு மர்ம நாவலைப் படித்து நாம் நடுங்கினோமா என்பது மட்டும் அதன் மதிப்பன்று. எதற்கு நடுங்குமாறு அது நம்மைப் பழக்குகின்றது என்பதே மதிப்பாகும். ஊர் பேர் தெரியாதவனையும், தனித்து வாழும் பெண்ணையும், வாயிலில் அமரும் பரதேசியையும் ஐயுறுமாறு மீண்டும் மீண்டும் பழக்கும் நாவல், எத்துணை விரைவாக ஓடினும் தாழ்ந்ததே. பேயின் பின்னே கொலையையும், கொலையின் பின்னே சாவி வைத்திருந்தவனையும், அவனுக்கும் பின்னே தாழிட்ட கதவையும் காட்டும் நாவல், மலிவான தாளில் அச்சாகிப் பேருந்து நிலையக் கடையில் தொங்கினும் உயர்ந்ததே.

நண்பர்களே! நம் விடுதி அறைகளிலும் இத்தகைய நூல்கள் தலையணைக்கீழ் இருத்தலை யான் அறிவேன். அவற்றை மறைக்க வேண்டா. படித்தபின் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி, நூலோடு அடுத்தவருக்குக் கொடுமின். அவர் மறுத்து எழுதுவர். நீவிர் சினவாது படிமின். அங்ஙனம் நூறு சீட்டு சேருமாயின், இலக்கிய வரலாற்றில் ஓரடியாய் நிற்கும் பகுதிக்கு நாமே ஓர் அதிகாரம் எழுதலாம். கடைசித் தாள் இல்லாத அந்நாவலின் முழுப்படி எவரிடமேனும் இருக்கக் கூடும். தமிழ்த்துறையில் என்னிடம் கேட்பார்க்கு அதன் பெயரைக் கூறுவேன். தாத்தா இன்னும் வேலைக்காரனே என்று சொல்லிக்கொண்டிருக்கின்றார். ஆனால் முன்போல் உரக்கச் சொல்லுவதில்லை.